அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு வர நினைக்கும் டாக்டர்களே, முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்

எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு ரெசிடென்சிக்கு, அதாவது அமெரிக்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபடியே பெறும் மேற்பயிற்சிக்கு, இந்தப் பக்கம் வர நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, யூவேர்ல்டு எத்தனை தடவை முடிக்கணும்?" என்பதுதான். யூவேர்ல்டு என்பது இங்கே வர எழுதவேண்டிய தேர்வுகளுக்கான கேள்வி வங்கி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் திருப்பி ஒன்று கேட்பேன்: உன் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் என்ன போட்டிருக்கிறது, டிகிரி சர்டிபிகேட்டில் என்ன போட்டிருக்கிறது? பாதிப் பேருக்கு எடுத்துப் பார்க்காமல் சொல்லத் தெரியாது. "இனிஷியல்தானே அண்ணா" என்பார்கள். அந்த இனிஷியல் என் கல்லூரித் தோழி ஒருத்திக்கு ஒரு வருடத்தைக் காலி செய்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு டாக்டர்களின் தகுதியைச் சரிபார்க்கும் அமெரிக்க அமைப்பான இ.சி.எஃப்.எம்.ஜி.யின் சான்றிதழ் இல்லாமல் வெளிநாட்டில் படித்த டாக்டர் இங்கே ரெசிடென்சியில் சேர முடியாது. அதற்கு அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் இரண்டு பகுதிகளான ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சி.கே., ஆங்கிலத்துக்கு ஓ.இ.டி. என்ற தேர்வு, அப்புறம் உங்கள் கல்லூரியே நேரடியாக உறுதிசெய்து அனுப்பும் டிகிரி, எல்லாம் வேண்டும். ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரியிலிருந்து மார்க் கிடையாது. பாஸ், இல்லையென்றால் ஃபெயில். அதனால் எல்லார் கண்ணும் ஸ்டெப் 2 மார்க்கின் மேல்தான். மார்க் போதவில்லை என்று பாஸான தேர்வை மறுபடி எழுத விடமாட்டார்கள். செப்டம்பரில் ஈராஸ் என்ற பொது இணையதளத்தில் விண்ணப்பம், அக்டோபரிலிருந்து ஜனவரி வரை பெரும்பாலும் ஜூமில் இன்டர்வியூ, மார்ச் மூன்றாம் வாரம் யாருக்கு எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லும் மேட்ச் முடிவு, ஜூலை 1 வாக்கில் வேலை. ஊரில் எம்.டி. முடித்து அசிஸ்டன்ட் புரொஃபசராக இருந்தவரும் அநேகமாக முதலாண்டு இன்டர்னாகத்தான் தொடங்கவேண்டும். டென்னசி மாதிரி சில மாநிலங்கள் 2023-லிருந்து வேறு வழி திறக்கச் சட்டம் போட்டிருக்கின்றன என்றாலும், அதை நம்பி ஊரில் வேலையை விட்டுவிட்டு வரவேண்டாம்.

சரி, பெயருக்கு வருவோம்.

நம் ஊரில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "எஸ். கார்த்திகேயன்". டிகிரியில் "கார்த்திகேயன் எஸ்". பாஸ்போர்ட்டில் "கார்த்திகேயன் சுப்பிரமணியன்". அதிலும் சிலருக்கு இரண்டும் கிவன் நேம் கட்டத்தில், சர்நேம் காலி. சிலருக்கு அப்பா பெயர் சர்நேமில். வங்கிக் கணக்கு, ஆதார், பான், மெடிக்கல் கவுன்சில் பதிவு என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். ஊரில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். "ரெண்டும் நான்தான் சார்" என்றால் கிளார்க் ஒரு முறை முகத்தைப் பார்த்துவிட்டு முத்திரை குத்திவிடுவார். இங்கே முகம் பார்க்க ஆளே கிடையாது. ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரிடம் எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்க்கிறது, அவ்வளவுதான்.

தோழியின் கதை இது. கல்லூரி ரெக்கார்டில் அவள் பெயருக்குப் பின்னால் ஒரு எம். பாஸ்போர்ட்டில் அந்த எம். விரிந்து அப்பா பெயராகச் சர்நேமில் இருந்தது. அந்தப் பெயரில்தான் இ.சி.எஃப்.எம்.ஜி.யில் கணக்குத் தொடங்கி, ஸ்டெப் 1 பாஸ் செய்து, ஸ்டெப் 2-க்கும் பணம் கட்டியிருந்தாள். நடுவில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் யாரோ ஒரு பெரியவர், "விசாவுக்குப் போகும்போது புருஷன் பேர் இல்லைன்னா பிரச்சினை ஆகும்" என்று சொல்ல, ஒரே வாரத்தில் பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூவுக்குக் கொடுத்து, சர்நேமில் கணவர் பெயரோடு புதுசு வந்துவிட்டது. ஸ்டெப் 2 அன்று காலை சென்னை பிரோமெட்ரிக் தேர்வு சென்டரில் புதுப் பாஸ்போர்ட்டை நீட்டுகிறாள். ஹால் டிக்கெட் மாதிரியான தேர்வு பெர்மிட்டில் அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். பழைய பாஸ்போர்ட்டும் பையில் இருந்தது, ஆனால் ரத்து செய்து மூலையை வெட்டியது. கல்யாணப் பத்திரிகையைக் கூடக் காட்டிப் பார்த்தாளாம். உள்ளே விடவில்லை. அந்தச் சென்டர்காரர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது, ஐ.டி.யில் உள்ள பெயரும் பெர்மிட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய கடைசி நாட்களில் பெயரைத் திருத்தவும் விடமாட்டார்கள்.

பணம் போனது ஒரு பக்கம்; ஸ்டெப் 2 கட்டணம் ஆயிரம் டாலருக்கு மேல். பெரிய அடி காலண்டரில் விழுந்தது. பெயரை மாற்ற ஆவணம் அனுப்பி, புது பெர்மிட் வாங்கி, தேதி கிடைத்து எழுதி, ரிசல்ட் வருவதற்குள் செப்டம்பர் தாண்டிவிட்டது. ஸ்டெப் 2 மார்க் இல்லாத வெளிநாட்டு விண்ணப்பத்தை எத்தனை புரோகிராம் திறந்து பார்க்கும்? அவள் அந்த வருடம் அனுப்பவே இல்லை. அடுத்த வருடம் அனுப்பும்போது டிகிரி வாங்கி ஒரு வருடம் கூடிவிட்டது. படித்து முடித்து எத்தனை வருடம் ஆனது என்பதையும் இங்கே பார்ப்பார்கள். அவளுக்குக் கடைசியில் ஃபேமிலி மெடிசின் கிடைத்தது, நன்றாகவே இருக்கிறாள். அந்தப் பெரியவரை நான் மன்னிக்கவில்லை.

கல்யாணமானால் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. துணைவர் விசாவுக்குக் கல்யாணச் சான்றிதழ்தான் முக்கியம், பெயர் இல்லை. தங்கைகளே, முதல் ஸ்டெப்புக்குப் பதிவு செய்த நாளிலிருந்து ரெசிடென்சி முடிகிற வரை உங்கள் பெயரை யாரும் தொடவேண்டாம், மாமியார் உட்பட.

இனி செய்யவேண்டியது. ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போதே பாஸ்போர்ட்டைப் பாருங்கள். சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் இப்போதே பாஸ்போர்ட் சேவா மையத்தில் ரீ-இஷ்யூ போட்டு, உங்கள் பெயரைக் கிவன் நேமிலும் அப்பா பெயரைச் சர்நேமிலும் பிரித்துவிடுங்கள். அந்த வடிவம்தான் இனி எல்லா இடத்திலும். டிகிரியில் வெறும் இனிஷியல் இருக்கிறதென்றால் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்டும் முறையான ஆவணத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த வடிவில் வேண்டும் என்று இ.சி.எஃப்.எம்.ஜி. தளத்தில் படித்துவிட்டுப் போங்கள். டீன் ஆபீசில் கேட்டால் "வழக்கமா இப்படித்தான் கொடுப்போம்" என்று 1990-களின் ஃபார்மட்டில் ஒன்றை நீட்டுவார்கள். கல்லூரியில் இருக்கும்போது இந்தக் கடிதத்துக்கு அலைவது ஒரு மதிய வேலை. திருநெல்வேலியில் படித்தவர் மிச்சிகனில் உட்கார்ந்துகொண்டு, ராத்திரி மூன்று மணிக்கு செக்‌ஷன் சூப்பிரண்டுக்கு போன் போட்டு, "அவர் லஞ்சுக்குப் போயிருக்கார் சார்" என்று கேட்பது வேறு மாதிரி.

சர்நேம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டோடு வந்தால் என்ன ஆகும் என்கிறீர்களா? அமெரிக்க விசாவில் உங்கள் முழுப் பெயரும் சர்நேம் கட்டத்தில் போய் உட்காரும். முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று போடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். அது விசாவோடு நிற்காது. சம்பளப் பட்டியலுக்குப் போகும், இன்சூரன்ஸ் அட்டைக்குப் போகும். என் பேட்ச் பையன் ஒருவனுக்கு முதல் நாள் கொடுத்த ஐ.டி. பேட்ஜில் பெரிய எழுத்தில் அந்த மூன்று எழுத்துதான் இருந்தது. நர்ஸ்கள் பாவம், மரியாதையாக "டாக்டர் ஃபனூ" என்று கூப்பிட்டார்கள். வார்டில் ஒரு பாட்டி, "அழகான பேர், எந்த நாடு?" என்று கேட்டார். அவனும் அலுத்துப்போய் ஏதோ ஒரு நாட்டைச் சொல்லி வைத்தான்.

அப்பா பெயரைச் சர்நேமில் வைத்தால் எல்லாரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதற்கும் தயாராகிக்கொள்ளுங்கள். என் அப்பா திண்டுக்கல் டெப்போவில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். இங்கே ஓவர்ஹெட் ஸ்பீக்கரில் "டாக்டர் சுப்பிரமணியன், ஐ.சி.யு.வுக்கு வரவும்" என்று வரும்போதெல்லாம் ஆரம்பத்தில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சாப்பிட்டுக்கொண்டே இருப்பேன். போனில் அப்பாவிடம் சொன்னேன். "பேர் என்னுதுன்னா சம்பளத்திலயும் பங்கு உண்டுல்ல?" என்றார்.

பரிந்துரைக் கடிதம் பற்றியும் கொஞ்சம். ஊரில் யூனிட் சீஃப் "நீயே டைப் பண்ணிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்" என்பார். இங்கே கடிதம் எழுதுகிறவரே நேரடியாக ஈராஸில் ஏற்றவேண்டும். அதைப் பார்க்கும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்தால்தான் மதிப்பு. அமெரிக்க டாக்டர் ஒருவரின் கீழ் வேலை பார்த்த கடிதம் வேண்டும் என்பதால் அப்சர்வர்ஷிப் (டாக்டர் கூட நின்று பார்ப்பது மட்டும்) ஏற்பாடு செய்து தருகிறோம் என்று பணம் பிடுங்க நிறைய பேர் இருக்கிறார்கள். டிகிரி முடித்தவருக்கு டூரிஸ்ட் விசாவில் நோயாளியைத் தொட்டுப் பார்க்கலாம் என்று எவராவது வாக்குக் கொடுத்தால், அவரிடம் பணம் கொடுக்காதீர்கள். முடிந்தால் மாணவராக இருக்கும்போதே எலக்டிவ் என்ற குறுகிய காலப் பயிற்சிக்கு வாருங்கள். மாணவருக்கு அதற்கென்று முறையான வழி இருக்கிறது.

விசாவில் பெரும்பாலோருக்குப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கான ஜே-1 கிடைக்கும். பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பவேண்டும் என்ற நிபந்தனை அதோடு வரும். திரும்ப விருப்பமில்லாதவர்கள் டாக்டர் இல்லாத சிற்றூர்களில் மூன்று வருடம் வேலை பார்த்து அதைக் கழிக்கலாம். மாநிலத்துக்கு வருடத்துக்கு முப்பது இடம். நான் இப்போது அப்படி ஒரு ஊரில்தான் இருக்கிறேன். கறிவேப்பிலைக்கு ரெண்டு மணி நேரம் கார் ஓட்டவேண்டும், நோயாளிகள் தங்கமானவர்கள். வேலைக்கான எச்-1பி விசா வேண்டுமானால் உரிமத் தேர்வின் கடைசிப் பகுதியான ஸ்டெப் 3-ஐ முன்கூட்டியே முடிக்கவேண்டும், அதை அமெரிக்காவில்தான் எழுத முடியும். 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வருகிற புது எச்-1பி-க்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்ததிலிருந்து அந்தப் பேச்சையே பல ஆஸ்பத்திரிகள் தவிர்க்கின்றன.

ஜே-1-க்கு உங்கள் நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் கடிதம் வேண்டும். இந்தியர்களுக்கு டெல்லி, இலங்கைக்காரர்களுக்குக் கொழும்பு. அதிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று வந்த அன்றே எழுத்துக்கூட்டிப் பாருங்கள். ஒரு எழுத்து தப்பினாலும் திருப்பி அனுப்பி வாங்கவேண்டும். மேட்ச் முடிவு வெள்ளிக்கிழமை வரும். திங்கட்கிழமையே இதற்கு விண்ணப்பம் போடுங்கள், பார்ட்டியை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.