நூக்சியோ காட்டு நடை: சாப்பாட்டை முன்பே பேசிவிடுங்கள்

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி போகிறவர்கள் நூக்சியோ தேசியப் பூங்காவுக்கு ஒரு பகல் ஒதுக்கலாம். பக்கத்து நகரமான எஸ்போ வரை ரயில், அப்புறம் பஸ். வழிகாட்டியோடு போனால் பெரும்பாலும் மதியச் சாப்பாடும் சேர்ந்தே வரும். அங்கேதான் கவனம் வேண்டும். வழக்கமாகத் தருவது லோஹிகெய்த்தோ, அதாவது சால்மன் மீனும் உருளைக்கிழங்கும் பாலாடையும் டில் எனும் சோயிக்கீரையும் சேர்ந்த சூப். அல்லது நெருப்பில் வாட்டிய மக்கரா சாசேஜ். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், காட்டுக்குள் போய்ச் சொல்லிப் பயனில்லை. கரேலியப் பை என்ற பலகாரத்தைக் கேட்டுப் பாருங்கள்: கம்புரொட்டி போல மெல்லிய, ரை என்ற தானிய மாவு ஓடு, உள்ளே பாலில் வெந்த அரிசிக் கஞ்சி. மேலே தடவும் வெண்ணெயில் முட்டை கலந்திருக்கும், முட்டை சாப்பிடாதவர்கள் அதை மட்டும் தவிர்க்கலாம்.

ஜூலை கடைசி, ஆகஸ்ட் என்றால் ஒரு காலி டப்பா எடுத்துப்போங்கள். புளூபெர்ரியை யாரும் பறிக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. தீ மட்டும் குறித்த இடத்தில்தான். காட்டுத்தீ எச்சரிக்கை இருந்தால் திறந்த வெளியில் அதுவும் கூடாது. சதுப்பில் போட்ட பலகைப் பாதை மழையில் ரொம்ப வழுக்கும், பிடிப்புள்ள ஷூ அவசியம். திரும்பியதும் கால்களில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.