ஆட்டோசாம்ப்ளரில் கசிவா? எந்த சீல் என்று முதலில் பிடியுங்கள்

ஹெச்பிஎல்சி என்பது கரைசலில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் கருவி; அதில் சாம்பிளைத் தானாக உள்ளே செலுத்தும் பகுதிதான் ஆட்டோசாம்ப்ளர். ஒரே ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த கரைசல்) ஆறு முறை இன்ஜெக்ட் செய்தும் பீக்கின் ஏரியா (வரைபடத்தில் எழும் மேட்டின் பரப்பு) ஏறி இறங்கினால், பலரும் உடனே ரோட்டார் சீலைக் கழற்றிவிடுகிறார்கள். பாதி நேரம் குற்றவாளி அது இல்லை. ஊசி வழியாகவே மொபைல் ஃபேஸ் (சாம்பிளைச் சுமந்து செல்லும் கரைப்பான்) ஓடும் வகை ஹெச்பிஎல்சியில் சீல் மூன்று இடத்தில் இருக்கிறது: ஊசி உட்காரும் நீடில் சீட், வால்வில் சுழலும் ரோட்டார் சீல், சாம்பிளை அளந்து இழுக்கும் மீட்டரிங் பிஸ்டன்.

சாம்பிளை மாற்றாமல், ஒரே ஃப்ளோவில் வால்வை மெயின்பாஸிலும் (ஓட்டம் ஊசி வழியாக) பைபாஸிலும் (ஊசியைத் தவிர்த்து) வைத்து பிரஷரைக் குறித்துக்கொள்ளுங்கள். மெயின்பாஸில் குழாய் நீளம் அதிகம்; அதனால் பிரஷர் அங்கே சற்றுக் கூடுதலாக இருப்பதே இயல்பு. பைபாஸைவிடக் குறைந்தால் ஊசி, சீட், மீட்டரிங் சீல் ஆகியவற்றில் ஒன்று கசிகிறது. மிக அதிகமாக ஏறினால் கசிவு இல்லை, அடைப்பு; செப்டம் (குப்பி மூடியில் ஊசி துளைக்கும் தகடு) துணுக்கு ஊசியிலோ சீட்டிலோ சிக்கியிருக்கும். இரண்டிலுமே பிரஷர் வழக்கத்தைவிடக் குறைந்தால் பம்ப்பையும் ஃபிட்டிங்குகளையும் முதலில் பாருங்கள்.

பிரஷர் சரியாக இருந்து ஏரியா மட்டும் ஆடுகிறதா? மீட்டரிங் பகுதியில் காற்றுக் குமிழ் இருக்கலாம். சாம்பிள் குப்பி (வயல்) கழுத்துவரை நிரம்பியிருந்தாலும் இப்படி ஆகும்: சாம்பிளை இழுக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, அளவு குறைகிறது. இதற்கு சீல் மாற்றி என்ன பயன்?

கழற்றும் முன் பஃபரை (பிஹெச் மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) வெளியேற்றுங்கள். நேராக அசிட்டோநைட்ரைலுக்குப் போகாதீர்கள். பாஸ்பேட் உள்ளேயே படிந்து உப்பாகிவிடும். 10% அசிட்டோநைட்ரைல் கலந்த நீர், நிமிடத்துக்கு 1 மில்லி, அரை மணி நேரம். பிறகு பம்ப்பை நிறுத்தி, பிரஷர் பூஜ்ஜியம் ஆனதும் கை வையுங்கள்.

சீட்டைச் சுற்றி வெள்ளை உப்பு தெரிந்தால் கசிவு அங்கேதான். ஊசி முனையை லென்ஸில் பாருங்கள். பிசிறு இருந்தால் ஊசியையும் சீட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய ஊசி புது சீட்டைச் சில நாளில் கெடுத்துவிடும். மாற்றிய பின் ஊசி நேராக இறங்குகிறதா என்று அலைன்மென்ட் பாருங்கள்.

ரோட்டார் சீலில் கோடு விழுந்தால் கேரிஓவர் வரும், அதாவது முந்தைய சாம்பிளின் மிச்சம் அடுத்ததில் தெரியும். ஸ்டேட்டர் (ரோட்டார் சீல் அழுந்தி நிற்கும் அசையாத பகுதி) திருகுகளை ஒவ்வொன்றாக அரைச் சுற்று, மாறி மாறித் தளர்த்துங்கள். ஒரே திருகை முழுதாகக் கழற்றினால் ஸ்டேட்டர் சாய்ந்துவிடும். முடுக்கும்போதும் அதே முறைதான். ஸ்டேட்டர் முகத்தை ஐசோபுரோப்பனால் நனைத்த, நூல் உதிராத துணியால் துடையுங்கள். அதிலும் கீறல் தெரிந்தால் அதையும் மாற்ற வேண்டும். பிஹெச் 10-க்கு மேல் ஓட்டுபவர்களுக்கு வெஸ்பெல் சீல் ஆகாது. PEEK அல்லது டெஃப்செல் என்ற பிளாஸ்டிக்கில் ஆன சீல் கேட்டு வாங்குங்கள்.

மீட்டரிங் பிஸ்டனுக்குப் பின்னால் ஈரமோ உப்போ இருந்தால் சீலைப் பெயர்த்துவிட்டு, பிஸ்டனை வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். நீளவாட்டில் கீறல் இருந்தால் பிஸ்டனும் போயிற்று. புது சீலை ஐசோபுரோப்பனில் நனைத்துப் பொருத்தி, குமிழ் போகும்வரை பர்ஜ் செய்யுங்கள் (கரைப்பானை ஓட்டிக் கழுவுங்கள்).

கடைசியாக ஸ்டாண்டர்டில் ஆறு இன்ஜெக்ஷன், அதன் பின் மூன்று பிளாங்க் (அளக்கும் பொருள் சேராத வெறும் கரைசல்). பிளாங்க்கில் பீக் படிப்படியாகக் குறைந்தால் கேரிஓவர் இன்னும் இருக்கிறது. மூன்றிலும் ஒரே அளவில் நின்றால் வால்வை விட்டுவிட்டு பிளாங்க் கரைசலைப் புதிதாகத் தயாரியுங்கள்.