ஏரி மொய்னாவின் பிறப்பு, இறப்பு விகிதம்: முட்டையை எண்ணிக் கணக்கிடும் முறை

காவேரிப்பாக்கம் ஏரியாகட்டும், வேலூர் சதுப்பேரியாகட்டும், கரையோர நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துள்ளித் துள்ளி நீந்தும் வெண்புள்ளிகள் விலங்கு மிதவை உயிரிகள். அவற்றில் நீர்த்தெள்ளு வகையைச் சேர்ந்த மொய்னாவும் இருக்கக்கூடும். அவற்றின் எண்ணிக்கை மாறவில்லை என்பதால் ஏரியில் எதுவும் நடக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பிறப்பதையெல்லாம் மீன்குஞ்சுகள் அன்றன்றே தின்று தீர்த்துக்கொண்டிருக்கலாம். இந்த வரவையும் செலவையும் தனித்தனியே காட்டுவது முட்டை விகித முறை. ஏரி ஆய்வாளர் எட்மண்ட்சன் 1960-இல் ரோட்டிஃபர்கள் என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரிகளைக் கொண்டு இதை விளக்கினார். பாலோஹெய்மோ என்ற ஆய்வாளர் 1974-இல் சூத்திரத்தைச் செம்மைப்படுத்தினார்.

முதலில் மாதிரி. ஏரியின் பல இடங்களில் அளந்து மொண்ட நீரை 100 மைக்ரான் வலையில் வடிகட்டுங்கள். மூன்று நாள் கழித்து அதே நேரத்தில், அதே இடங்களில் மீண்டும் எடுங்கள். உயிரிகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் மட்டும் போட்டால் தாயின் முதுகுப்பை விரிந்து முட்டைகள் சிதறிவிடும். லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை கரைத்த 4 சதவீத ஃபார்மலின் இதைப் பெருமளவு தடுக்கும். கையுறை அவசியம்.

அடுத்து, நுண்ணோக்கியில் எண்ணுதல். குஞ்சு, ஆண், பெண் எல்லாம் சேர்த்து உயிர்களின் எண்ணிக்கை ஒன்று. முட்டைகளின் எண்ணிக்கை இன்னொன்று. பைக்குள் முட்டை முதலில் வெறும் உருண்டையாக இருக்கும். பிறகு இரண்டு கண்புள்ளிகள் தோன்றி, மெல்ல நெருங்கி ஒன்றாகும். எந்த நிலையில் இருந்தாலும் அது முட்டைக் கணக்கில் சேரும். புட்டியின் அடியில் உதிர்ந்து கிடப்பவற்றையும் சேருங்கள். உடனே பொரிக்காத, கருத்த சேண வடிவ உறக்க முட்டைகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் உயிர்நாடி: முட்டை வளரும் காலம். புதிதாக முட்டையிட்ட தாய்கள் சிலவற்றை ஏரி நீரின் அதே வெப்பநிலையில் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, குஞ்சுகள் வெளியேறும் நேரத்தைக் குறித்து, சராசரி எடுங்கள். வெப்பம் கூடினால் இந்தக் காலம் சுருங்கும். குளிர்நாட்டு ஏரிக்குக் கண்ட எண்ணை வேலூர் வெயிலுக்குப் பொருத்துவது பெரும் பிழை.

இனி கணக்கு. லிட்டருக்கு 40 உயிர்கள், 20 முட்டைகள், வளரும் காலம் 1.25 நாள் என்று கொள்வோம். முட்டையை உயிரால் வகுத்தால் 0.5. அதோடு 1 கூட்டி, இயல் மடக்கை (கணிப்பானில் ln) எடுத்தால் 0.405. அதை 1.25-ஆல் வகுத்தால் பிறப்பு விகிதம் நாளுக்கு 0.324. மூன்று நாளில் 40 உயிர்கள் 52 ஆனால், 52/40-இன் இயல் மடக்கையை 3-ஆல் வகுக்க வேண்டும். வளர்ச்சி விகிதம் 0.087. பிறப்பிலிருந்து வளர்ச்சியைக் கழித்தால் இறப்பு 0.237. கண்ணுக்குத் தெரிந்தது சிறு வளர்ச்சி. அதன் அடியில் எத்தனை சாவு!

இதே கணக்கில் வளரும் காலத்தை 5 நாள் என்று போட்டால் பிறப்பு 0.081 ஆகும், இறப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அப்படி வந்தால் முதலில் இந்தக் காலத்தையும், பிறகு மாதிரி எடுத்த இடங்களையும் சரிபாருங்கள்.

கோடையில் இன்னொன்று உண்டு. நீர் ஆவியாகி ஏரி சுருங்கினால், ஓர் உயிர்கூடப் பிறக்காமலே லிட்டர் கணக்கு ஏறும். மதகு வழியே போகும் நீர் உயிர்களையும் கொண்டுபோவதால் அந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது. ஆகவே குட்டையாகச் சுருங்கிய ஏரியில் நீர்மட்டத்தையும் குறித்து, ஆவியான அளவுக்கு எண்ணிக்கையைத் திருத்திக்கொள்ளுங்கள்.