பெருச்சாளியில் தொடங்குங்கள்: பயணத்தில் பார்த்த காட்டு விலங்குகளைக் குறித்து வைப்பது எப்படி

என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது யானையோ புலியோ இல்லை, தண்டையார்பேட்டையில் எங்கள் வாசல் கால்வாய் ஓரமாக வெளியே வந்த ஒரு பெருச்சாளி. இரவு 10.40, மழை விட்டு அரை மணி நேரம், உடம்பு மட்டும் ஒரு சாணுக்கு மேல், வால் தனி. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முதுமலையில் வண்டி நிற்கிற முப்பது விநாடியில் எதை எழுதுவது, எதை விடுவது என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது, அந்தப் பழக்கம் தெருவிலேயே வந்திருக்க வேண்டும். பெருச்சாளி, மூஞ்சூறு, கீரி, அணில், வௌவால் எல்லாமே யாரும் வளர்க்காத பாலூட்டிகள்தான். அதிலும் மூஞ்சூறு எலியே இல்லை, பூச்சி தின்கிற வேறு ஒரு குடும்பம். பிள்ளையார் படத்தில் எதை வரைகிறார்கள் என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

முதல் படி: நோட்டு

சட்டைப் பையில் நுழைகிற அளவு, அட்டை கெட்டியாக இருந்தால் போதும். பேனா வேண்டாம், பென்சில். மழையில் நனைந்தாலும் பென்சில் எழுத்து ஓடாது. செல்போனிலேயே எழுதுகிறேன் என்பவர்கள் எழுதுங்கள், ஆனால் காட்டுப் பாதையில் சார்ஜ் தீர்ந்த பிறகு என்னைத் திட்டக் கூடாது.

இரண்டாம் படி: எதைக் கணக்கில் சேர்ப்பது

இதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வருடம் கழித்து உங்கள் பட்டியலையே உங்களால் நம்ப முடியாது. என் விதி இதுதான்: தானாக மேய்ந்து, தானாகக் குட்டி போடுகிற விலங்கு என்றால் உண்டு. அதனால் கிண்டி தேசியப் பூங்கா வெளிமான், சுற்றி மதில் இருந்தாலும் உண்டு, பக்கத்துக் குழந்தைகள் பூங்காவில் கூண்டுக்குள் இருப்பது கிடையாது. வண்டலூரில் பார்த்த சிங்கம் கிடையாது, அந்தச் சிங்கத்தின் வேலி மேல் ஓடிய அணில் உண்டு. தெருநாய், பூனை, மாடு கிடையாது. கோடியக்கரைக் குதிரைகள்தான் தலைவலி. யாரோ எப்போதோ வளர்த்துக் கைவிட்டவற்றின் வம்சம், இப்போது காட்டில் இஷ்டப்படி திரிகின்றன. அவற்றைக் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன், எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. உங்கள் விதி வேறாக இருக்கலாம், ஆனால் அதை நோட்டின் உள் அட்டையில் எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: பெயரை அப்புறம் எழுதுங்கள்

நான் அடிபட்டுக் கற்றது இது. முதல் தடவை வால்பாறை போனபோது தேயிலைத் தோட்டத்து ஓரம் உயரமான மரத்தில் கறுப்பாக நாலைந்து குரங்குகள். உடனே நோட்டை எடுத்து "சிங்கவால் குரங்கு 5" என்று எழுதி மூடிவிட்டேன். ஊருக்கு வந்து படிக்கும்போதுதான் அதே மலையில் கருமந்தியும் உண்டு, அதுவும் கறுப்பு என்று தெரிந்தது. சிங்கவாலுக்கு முகத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். கருமந்திக்கு அந்தப் பிடரி இல்லை, தலைமுடி பழுப்பாக இருக்கும், வால் நீளம், குஞ்சம் கிடையாது. நான் பார்த்ததற்குப் பிடரி இருந்ததா? நோட்டில் இல்லை. மனதிலும் இல்லை. இன்றைக்கும் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறிதான் இருக்கிறது.

அதனால் பார்த்ததை முதலில் எழுதுங்கள். தேதி, நேரம், இடம் (ஊர்ப்பெயர் மட்டும் போதாது, எந்தச் சாலை, எந்த மைல்கல் பக்கம்), எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது, அளவு, நிறம், வால். வாலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். சென்ட்ரலில் ரயில் ஏறி டெல்லியில் இறங்கினால் அங்கேயும் குரங்கு இருக்கும், நம் ஊர்க் குரங்குதானே என்று தோன்றும். நம் ஊர்க் குரங்குக்கு வால் உடம்பளவு நீளம், தலைமுடி நடுவில் வகிடு எடுத்துத் தொப்பி வைத்த மாதிரி இருக்கும். அங்கே இருக்கிற ரீசஸ் குரங்குக்கு வால் அதில் பாதி இருந்தால் அதிகம், தொப்பியும் இல்லை. அணிலும் அப்படியே: நம் வீட்டு அணில் முதுகில் மூன்று கோடு, டெல்லிப் பூங்காவில் ஓடுவதற்கு ஐந்து கோடு. ராமர் மூன்று விரலால் தடவிய கதை அங்கே செல்லாது. இரண்டும் வேறு வேறு இனம், "அணில்" என்று மட்டும் எழுதியிருந்தால் பட்டியலில் ஒன்று குறைந்திருக்கும்.

எப்படித் தெரிந்தது என்பதற்கு ஒரு எழுத்துக் குறி வைத்துக்கொள்ளுங்கள். நான் கண்ணால் பார்த்ததற்கு "க", சத்தம் மட்டும் என்றால் "ச", கால்தடத்துக்கு "த", சாணம், எச்சத்துக்கு "எ", சாலையில் அடிபட்டுக் கிடந்ததற்கு "செ" போடுகிறேன். கடைசிக் குறி வருத்தமானதுதான், ஆனால் மரநாய் மாதிரி இரவில் மட்டும் நடமாடும் விலங்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று பல சமயம் அதை வைத்துத்தான் தெரிய வருகிறது.

நான்காம் படி: பெயர்

அன்று ராத்திரியே தங்குமிடத்தில் உட்கார்ந்து பெயர் தேடுங்கள். ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரையும் எழுதுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பாதிப் பேர் காட்டெருமை என்று காட்டுவது காட்டுமாட்டைத்தான், எருமைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. அறிவியல் பெயரை ஒரு தடவை பக்கத்தில் எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் போகும். சந்தேகம் இருந்தால் "ஏதோ ஒரு கீரி" என்று நிறுத்துவதில் வெட்கம் இல்லை. வௌவாலில் பழந்தின்னியைத் தவிர மற்றவற்றை நான் இன்றுவரை "சின்ன வௌவால்" என்றுதான் எழுதுகிறேன், பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வௌவால் என்பதால் பறக்கும்போது பார்த்து இனம் சொல்கிறவர்களை எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

காசிமேட்டில் படகு ஏறி ஓங்கிலை, அதாவது டால்ஃபினை, பார்த்துவிட்டு மீன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அதுவும் பாலூட்டிதான்.

ஐந்தாம் படி: போட்டோ

மங்கலாக இருந்தாலும் ஒன்று எடுங்கள். இரவில் ஃபிளாஷ் வேண்டாம், யானை பக்கத்தில் வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம். இன்னொன்று, கூட வந்தவர் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள். படத்துக்குள் இருக்கிற தேதி, இட விவரம் எல்லாம் அழிந்துதான் வரும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஒரு முழுப் பயணத்தின் படங்களை இப்படித் தேதியில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டு விழித்திருக்கிறேன்.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

ஒரு எக்செல் தாளில் ஒரு வரிக்கு ஒரு பார்வை என்று ஏற்றுங்கள். அப்புறம், விருப்பம் இருந்தால், ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) என்ற இணையதளத்தில் போடலாம். 2008இல் கலிஃபோர்னியாவில் மாணவர்கள் தொடங்கியது, பாலூட்டி, பூச்சி, செடி எதையும் போடலாம் (இதே மாதிரி இன்னொரு தளமான ஈபேர்டில் பறவை மட்டும்தான்). படம் போட்டால் மற்றவர்கள் பெயர் சொல்வார்கள், தவறாக எழுதியிருந்தால் திருத்துவார்கள். அழியும் நிலையில் இருக்கும் இனம் என்றால் சரியான இடத்தைக் காட்டாமல் சுமார் 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கோ என்று மறைத்துவிடும். ஆனால் உங்கள் ஸ்டேட்டஸ் எதையும் மறைக்காது. அழுங்கு, தேவாங்கு, நீர்நாய்க் குட்டி மாதிரி எதையாவது பார்த்தால் ஊர்ப்பெயரோடு போடாதீர்கள், பிடித்து விற்கிறவர்களும் போன் வைத்திருக்கிறார்கள்.

பழக ஒரு ரயில்

காசு அதிகம் வேண்டாம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி பக்கம் போகிற காலை முதல் வண்டிகளில் ஒன்றில் ஏறி ஜன்னல் சீட்டில் உட்காருங்கள். எண்ணூர் தாண்டினால் புதர், தண்ணீர், வயல் என்று மாறி மாறி வரும். போன தடவை நான் எழுதியது: "அத்திப்பட்டு தாண்டி, காலை 6.50, தண்டவாளத்தை ஒட்டிய புதர், க, ஒன்று, சாம்பல் பழுப்பு, நீள உடம்பு, வால் நுனியில் கறுப்பு இல்லை, ஓடி ஒளிந்தது. சாம்பல் கீரி." அடுத்த வரி: "மீஞ்சூர் முதல் பொன்னேரி வரை ஒன்றும் இல்லை." ஒன்றும் இல்லை என்பதையும் நேரத்தோடு எழுதுங்கள்.