உட்காராதீர்கள், கொஞ்சம் நில்லுங்கள்: வெனிஸ் கன்னாரேஜியோவில் சாப்பிடப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வெனிஸ் ரயில் நிலையப் படியில் இறங்கியதும் எதிரே பெருங்கால்வாய். இடப்பக்கம் திரும்பினால் கூட்டம் தானாகவே இழுத்துக்கொண்டு போகும். பத்தடிக்கு ஒரு கடை, கடைக்கு ஒரு படம் போட்ட மெனு, வாசலில் கையைப் பிடிக்காத குறையாக அழைக்கும் பணியாளர். ஐந்து மணி நேர ரயில் பயணம், காலையில் ஒரு பன் மட்டும் தின்ற வயிறு. உட்கார்ந்துவிடுகிறோம். முதல் தவறு அங்கேயே நடந்து முடிந்துவிடுகிறது.

கன்னாரேஜியோ வெனிஸின் வடபகுதி. அதன் நடுவே ஓடும் அகலத் தெருவின் பெயர் ஸ்த்ராதா நோவா, அதாவது புதுத் தெரு. 1871இல், ரயிலில் வருகிறவர்கள் நகரின் பழைய சந்தைப் பகுதியான ரியால்தோ பக்கம் எளிதாகப் போவதற்காக வீடுகளை இடித்து வெட்டிய பாதை அது. இன்றும் அதே வேலையைத்தான் செய்கிறது: பயணிகளை வேகமாகக் கடத்திவிடுகிறது. அந்தத் தெருவிலிருந்து வடக்கே ஒரு சந்துக்குள் நுழைந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் கால்வாய்கள் வரும். கால்வாயை ஒட்டிய கல்பாவிய நடைபாதையை அங்கே ஃபோந்தமென்தா என்கிறார்கள். மிசெரிகோர்தியா, ஓர்மெசீனி என்ற இரண்டு ஃபோந்தமென்தாக்களை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டும் ஒரே கால்வாயின் கரை, ஒன்று முடியும் இடத்தருகே மற்றது தொடங்கும். மாலையில் ஊர்க்காரர்கள் கையில் கோப்பையோடு நிற்பது இங்கேதான்.

நிற்பது என்று எழுதியதைக் கவனியுங்கள். நம் பக்கத்தில் ஹோட்டலுக்குப் போனால் இலை போட்டு உட்கார்ந்தால்தான் சாப்பாடு. வெனிஸின் பாக்கரோ அப்படியல்ல. அது சின்ன ஒயின் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் சிக்கெத்தி எனப்படும் சிறு தின்பண்டங்கள் வரிசையாக இருக்கும். ரொட்டித் துண்டின் மேல் மீன், உருண்டைகள், அவித்த முட்டைப் பாதி, காய்கள். ஒன்று பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று யூரோ. இரண்டு எடுத்து, நின்றபடி தின்று, அடுத்த கடைக்கு நடக்க வேண்டும். ஒரே கடையில் பத்து எடுத்து வயிற்றை நிரப்பப் பார்ப்பது, கல்யாண வீட்டில் ஒரே தொன்னை பாயசத்தோடு பந்தியை முடித்துக்கொள்வது போல.

உட்கார்ந்தால் விலையும் மாறும். இத்தாலியில் பல கடைகளில் கவுண்டரில் நின்று குடிக்கும் காபிக்கு ஒரு விலை, மேசையில் அதே காபிக்கு வேறு விலை. உணவகங்களில் 'கொபெர்தோ' என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ சேர்ப்பார்கள். ரொட்டிக்கும் மேசைவிரிப்புக்குமான கட்டணம் அது. ஏமாற்று வேலையல்ல, மெனுவில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் பில் வந்தபின் சண்டை போடுவதுதான் தவறு.

உண்மையிலேயே கையைச் சுடுவது மீன் விலை. மெனுவில் மீனுக்கு எதிரே 8 என்று இருக்கும், பக்கத்தில் பொடி எழுத்தில் 'எத்தோ' என்று ஒரு சொல். எத்தோ என்றால் 100 கிராம். மேசைக்குக் கொண்டுவந்து காட்டும் முழு மீன் 1.2 கிலோ இருந்தால் பில்லில் 96 யூரோ. முதல் முறை போனபோது நான் இந்தக் கணக்கைப் போடவில்லை. நால்வர் சாப்பிட்டோம், மீன் நன்றாகத்தான் இருந்தது, அதன்பின் இரண்டு நாள் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக ஓட்டினோம். நிறுத்துக் காட்டச் சொல்லி, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுங்கள். மெனுவில் நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் உறையவைத்த பொருள் என்று பொருள். ரியால்தோ மீன் சந்தைக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திங்கள் இரவு 'இன்று வந்த மீன்' என்றால் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம்.

சரி, எதைத் தின்பது? பலரும் வெள்ளையாகக் குழைந்திருப்பதைப் பார்த்துச் சீஸ் என்று நினைத்து விட்டுவிடும் பண்டம் ஒன்று உண்டு: பக்காலா மந்தெகாதோ. அது கருவாடு. நார்வேயின் குளிர்காற்றில் உப்பில்லாமல் மரம்போல் காய்ந்த காட் மீனை நாள்கணக்கில் ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்து அடித்து வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். 1432இல் பியெத்ரோ குவெரீனி என்ற வெனிஸ் வணிகர் கப்பல் உடைந்து நார்வேயின் லோஃபோதன் தீவுகளில் ஒதுங்கினார். அவர் மூலமாகத்தான் இந்தக் கருவாடு ஊருக்குள் வந்தது என்று சொல்கிறார்கள். கருவாட்டு வாசனையை எதிர்பார்த்து வாயில் வைத்தால் ஏமாந்துபோவீர்கள், அவ்வளவு சாது. சார்தே இன் சாவோர் அதற்கு நேரெதிர். மத்தியைப் பொரித்து, வதக்கிய வெங்காயத்தோடும் வினிகரோடும் அடுக்கி, உலர்திராட்சையும் பைன் விதையும் தூவி ஊறவிடுவார்கள். கடலோடிகள் கெடாமல் வைத்துக்கொள்ளக் கண்ட வழி. அன்று செய்ததைவிட மறுநாள் ருசி. நேற்று வைத்த மீன்குழம்பின் அருமை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சைவர்கள் இங்கே கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டும். 'சென்ஸா கார்னே', இறைச்சி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் மீன் வரும். அவர்கள் கணக்கில் மீன் இறைச்சியல்ல. 'சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே' என்று இரண்டையும் சொல்லுங்கள். அப்போதும் நெத்திலி ஒளிந்திருக்கும். பீகொலி இன் சால்சா என்ற பாஸ்தாவைப் பார்த்தால் வெறும் வெங்காயக் குழம்புதான். ஆனால் அதில் நெத்திலி கரைந்து காணாமல் போயிருக்கும். பொரித்த மொசரெல்லா ரொட்டிக்குள்ளும் நெத்திலியோ பன்றி இறைச்சியோ இருப்பது வழக்கம். நம்பி எடுக்கக்கூடியது, பூண்டும் பார்ஸ்லியும் போட்டு வேகவைத்த கூனைப்பூவின், அதாவது ஆர்ட்டிசோக்கின், அடிப்பகுதி. உள்ளங்கை அளவு வட்டமாக, பலாக்கொட்டை போல மாவுச் சுவையோடு இருக்கும். பார்மேசான் பாலாடைக்கட்டியில் பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள் சேர்கிறது. அதுவும் கூடாது என்பவர்கள் தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஓர்மெசீனிக் கரையிலிருந்து ஒரு பாலம் ஏறி இறங்கினால் கெத்தோ. 1516இல் யூதர்களை அடைத்துவைத்த தீவு. உலகம் முழுவதும் வழங்கும் அந்தச் சொல்லே இங்கிருந்து போனதுதான். யூத உணவு விதிப்படி சமைக்கும் இங்குள்ள கோஷர் உணவகங்களில் ஹம்முஸ், ஃபலாஃபெல் கிடைக்கும். நாலைந்து நாள் ரொட்டிக்குப் பிறகு அந்தக் காரமும் எலுமிச்சையும் நாக்குக்கு உயிர் தரும். வெள்ளி மாலை தொடங்கிச் சனி மாலை வரை ஓய்வுநாள், அந்த நேரத்தில் இதை நம்பிப் போகாதீர்கள்.

குடிப்பவர்களுக்கு ஒரே ஒரு சொல். ஒயினும் சோடாவும் ஒரு சரக்கும் கலந்த ஸ்ப்ரிட்ஸ் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது அபெரோல். அது பக்கத்து ஊரான படோவாவில் 1919இல் பிறந்த இனிப்புச் சரக்கு. வெனிஸின் சொந்தச் சரக்கு 1920இல் வந்த செலெக்த். சிவப்பு நிறம், கொஞ்சம் கசப்பு, உள்ளே ஒரு பச்சை ஆலிவ். அதைக் கேளுங்கள். ஸ்ப்ரிட்ஸ் சாப்பாட்டுக்கு முந்தைய பானம், சாப்பாட்டோடு வேண்டாம். சாதாரண ஒயினுக்கு ஓம்ப்ரா கேட்டால் சின்னக் கோப்பையில் தருவார்கள். ஓம்ப்ரா என்றால் நிழல். சான் மார்க்கோ மணிக்கூண்டின் நிழல் நகர நகர ஒயின் வண்டியையும் நகர்த்தினார்களாம். குடிக்காதவர்கள் தண்ணீருக்குக் காசு கொடுத்துத் தவிக்க வேண்டாம். தெருமுனைக் குழாய்களில் ஓடுவது நல்ல குடிநீர்.

நேரம் தவறினால் எதுவும் கிடைக்காது. இரண்டரைக்குப் பல சமையலறைகள் மூடும், ஏழு மணிவரை திறக்காது. மூன்று மணிக்கு மதிய உணவு தேடுகிறவர்களைத்தான் ரயிலடிக் கடைகள் காத்திருந்து பிடிக்கின்றன.

கடையில் வாங்கியதைப் பாலத்துப் படியில் பரப்பி உட்கார்ந்தால் 100 முதல் 200 யூரோ வரை அபராதம் உண்டு. கடைக்கு எதிரே கால்வாய் ஓரமாக நின்று தின்பதை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அங்கே பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது, கல்விளிம்பு முடிந்ததும் தண்ணீர். ஒரு மாலை நான் கரையில் கட்டிவைத்திருந்த படகின் மூடிமேல் தட்டை வைத்துவிட்டுக் கைக்குட்டை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். நிமிர்வதற்குள் ஒரு கடற்காகம் இறைச்சி உருண்டையோடு எதிர்க்கரை போய்ச் சேர்ந்திருந்தது. காலித் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இன்னோர் உருண்டையை வைத்து, காசு வாங்கிக்கொண்டார்.