பேஸ்லிப்பில் ஒட்டியிருந்த எம்1: என் அனுபவம்

இங்கிலாந்தின் லீட்ஸில் அக்டோபரில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சம்பளத்திலேயே வருமான வரி பிடித்துவிட்டார்கள். இங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6-இல் தொடங்குகிறது; ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரி கிடையாது. நடுவில் வந்து சேர்ந்தவருக்கு ஏப்ரலிலிருந்து உள்ள விலக்கு மொத்தமாகக் கிடைக்க வேண்டும்.

சம்பளப் பிரிவில் கேட்டேன். "கோட் 1257எல், சரியாத்தான் இருக்கு" என்றார்கள். எவ்வளவு வரி பிடிப்பது என்று சொல்லும் குறியீடு அது. வரிக் கணக்கில் நம்மை அடையாளம் காட்டும் தேசியக் காப்பீட்டு எண் தாமதமாக வந்ததால் இருக்கும் என்றார் நண்பர். அதுவும் ஒழுங்காகவே பதிவாகியிருந்தது. வரித்துறைக்குப் போன் போட்டால் காத்திருப்பிலேயே லைன் கட்.

கடைசியில் பேஸ்லிப்பை உற்றுப் பார்த்தபோதுதான் 1257எல்-ஐ அடுத்து 'எம்1' என்றிருந்தது தெரிந்தது. அது இருந்தால் ஒவ்வொரு மாதத்தையும் தனியாகவே கணக்கிடுவார்கள். முந்தைய மாதங்களின் விலக்கு சேராது. புதிதாகச் சேர்பவருக்கான படிவத்தில், இந்த வரி ஆண்டின் முதல் வேலை என்பதற்கான 'ஏ'-வுக்குப் பதில், முன்பே வேறு வேலை இருந்தது என்பதற்கான 'பி' என்று பதிவு செய்திருந்தார்கள்.

வரித்துறையின் இணையக் கணக்கில் நுழைந்து, இந்த ஆண்டு இதற்கு முன் வேறு வேலை இல்லை என்று திருத்தினேன். அடுத்த பேஸ்லிப்பில் எம்1 போயிருந்தது, பிடித்த வரியும் சம்பளத்தோடு வந்துவிட்டது. அப்பாடா! எம்1-க்குப் பதில் டபிள்யூ1 (வாரச் சம்பளத்துக்கு), எக்ஸ் என்று இருந்தாலும் இதே கதைதான். வரி ஆண்டு முடியும் ஏப்ரல் 5-க்கு முன்பே திருத்திவிடுங்கள்.