பூண்டுப் பாலும் அதிமதுரமும்: ரத்தக் கொதிப்புக்காரர்கள் செய்யும் தவறுகள்

ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் சொன்னதும் நம் வீடுகளில் பூண்டு உரிக்கத் தொடங்கிவிடுகிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் முழுப் பல்லை அப்படியே பாலில் போட்டு வேகவைக்கிறோமே, அங்கேதான் கோட்டை விடுகிறோம். பூண்டின் வீரியத்துக்குக் காரணமான அல்லிசின் என்ற கந்தகச் சேர்மம் முழுப் பூண்டில் கிடையாது. பல்லை நசுக்கும்போதுதான் அல்லீன் என்ற பொருளும் ஒரு நொதியும் (என்சைம்) கலந்து அது உருவாகிறது. சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். அதனால் நசுக்கி 10 நிமிடம் வைத்திருந்து, அப்புறம் அடுப்பில் ஏற்றுங்கள். பூண்டின் கந்தகச் சேர்மங்களிலிருந்து சிவப்பணுக்கள் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாக்கும். அதுதான் ரத்தக் குழாயின் தசையைத் தளர்த்துகிறது.

சரி, பூண்டு சாப்பிடுகிறோமே என்று மாத்திரையை நிறுத்தலாமா? கூடவே கூடாது. பூண்டால் குறையும் அழுத்தம் கொஞ்சம்தான். கொதிப்பு ஏறினால் பெரும்பாலும் வலியோ மயக்கமோ வராது என்பதால், நிறுத்தியதன் விளைவு உடனே தெரியவும் தெரியாது.

எனக்கு அதிகக் கவலை தருவது அதிமதுரம். இருமலுக்கு இரண்டு நாள் கடித்துச் சுவைப்பது வேறு; மாதக்கணக்கில் கஷாயமாகக் குடிப்பது வேறு. அதிலுள்ள கிளைசிரைசின், கார்டிசால் ஹார்மோனை அடக்கிவைக்கும் ஒரு நொதியைச் சிறுநீரகத்தில் தடுத்துவிடுகிறது. அடங்காத அந்தக் கார்டிசாலால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், அழுத்தம் எகிறும். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். கொதிப்பு இருந்தால் அதிமதுரத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்பார்கள். சர்ப்பகந்தா வேர் கொதிப்பைக் குறைக்கிறது என்று பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-இல் எழுதினார். 1952-இல் அதிலிருந்து ரிசர்பைன் பிரித்தெடுக்கப்பட்டது. உலகமே பயன்படுத்திய மருந்து அது. ஆனால் அளவு கூடியபோது சிலருக்கு மனச்சோர்வு வந்ததையும் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். வேலை செய்யும் பொருள் என்றால் அதற்கு அளவும் உண்டு.

ஆகவே டாக்டரிடம் மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், ஆஸ்பிரின் எடுப்பவர்கள் பூண்டு கேப்ஸ்யூலும் சேர்த்து விழுங்கினால் ரத்தக்கசிவு கூடலாம். அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே அந்த கேப்ஸ்யூலை நிறுத்தச் சொல்வார்கள். குழம்பில் போடும் பூண்டுக்கு இந்தப் பயம் வேண்டாம். அடுத்த முறை போகும்போது மாத்திரைச் சீட்டோடு லேகிய டப்பாவையும் சூரணப் பாக்கெட்டையும் எடுத்துப்போய் மேசைமேல் வையுங்கள்.